அமரர் ஒச்சம்மாள், பி.எஸ்ஸி. மூன்றாம் ஆண்டு

1

போன வாரம் மதுரையிலிருந்து பதிவுத் தபால் ஒன்று வந்தது. உள்ளே என்னுடைய பி.எஸ்ஸி. பட்டச் சான்றிதழ். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே என் கைக்கு வந்திருக்க வேண்டியது. அதை வாங்கி அனுப்பிய தோழி ஜெயசீலி, கூடவே இரண்டு ஜெராக்ஸ் தாள்களையும் வைத்திருந்தாள். இரண்டும் என் அப்பா கல்லூரிக்கு எழுதிய கடிதங்கள். முதல் கடிதத்தை நான் ஏற்கெனவே படித்திருந்தேன். இரண்டாவதை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் படித்தேன்.

நான் சமையலறைக்குள் போன நேரத்தில் என் மகள் வாணியும் அவற்றை எடுத்துப் படித்துவிட்டாள். பதினொரு வயது. பிறந்தது, வளர்ந்தது எல்லாம் இந்த ஜாம்பியா நாட்டில்தான். தமிழ் படிப்பாள், ஆனால் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அவள் ஒரு வரி முடிப்பதற்குள் நமக்குக் காப்பி ஆறிப்போகும். அன்றைக்கு அத்தனை பொறுமையும் எங்கிருந்து வந்ததோ, இரண்டு கடிதத்தையும் முழுக்கப் படித்திருக்கிறாள்.

சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டாள். "அம்மா, தாத்தா எதுக்கு உன்னைச் சாகடிச்சாரு?"

"சாப்பிடு" என்றேன். என் கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வாரமாக அந்தக் கேள்வி வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஊரில் இருக்கும் உங்களுக்கு நடந்ததை முறையாக எழுதிப் பார்த்தால், பிள்ளைக்குச் சொல்லவும் எனக்கு வாய் வரும் என்று நினைத்து உட்கார்ந்தேன்.

2

நாங்கள் இருப்பது காப்வே என்ற ஊரில். என் கணவர் தங்கராசு என் தாய்மாமன் மகன். இங்கே அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். கல்யாணம் முடிந்த அடுத்த மாதமே என்னையும் கூட்டிவந்துவிட்டார். சந்தைக்காரம்மா "முலிஷானி" என்று நலம் கேட்டால் என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் முதல் ஆறு மாதம் நான் "பரவாயில்லை" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா அதுதான் எங்கள் ஊர் வணக்கம் என்று முடிவுகட்டிவிட்டார். இன்றைக்கும் தூரத்தில் என்னைக் கண்டால் "பராவாலே" என்று கை ஆட்டுவார்.

கணவர் பள்ளியிலேயே ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவை கழுவும் வேலைக்குத்தான் முதலில் சேர்ந்தேன். பிறகு வேதியியல் ஆசிரியர் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் தன் நாட்டுக்குப் போய்விட, "நீங்கள் கொஞ்ச நாள் வகுப்பைப் பாருங்கள்" என்றார் தலைமையாசிரியர். அந்தக் கொஞ்ச நாள் எட்டு ஆண்டு ஆனது. நான் நல்ல டீச்சர். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

ஆனால் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போதெல்லாம் ஒரு படிவம் வரும். படிப்பை எந்த ஆண்டு நிறுத்தினீர்கள், காரணம் என்ன. நானும் ஒவ்வொரு தடவையும் "திருமணம்" என்று எழுதிக் கொடுப்பேன். கடைசித் தடவை கல்வி அலுவலகத்து அதிகாரி என்னை நேரில் கூப்பிட்டார். அவருடைய மகனே என் மாணவன்தான். நாற்காலி போட்டு உட்காரவைத்து, மரியாதையாகத்தான் சொன்னார். பட்டம் இல்லாதவர்கள் அடுத்த ஆண்டிலிருந்து வகுப்பெடுக்க முடியாது. "உங்கள் பாடத்தில் குறை இல்லை மேடம். தாள்தான் வேண்டும்."

மதுரைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிப்போட்டேன். பதில் வர இரண்டு மாதம் ஆனது. பழைய பாடத்திட்டத்தில் எழுத வரும் ஏப்ரல்தான் கடைசி வாய்ப்பு. படித்த கல்லூரியிலேயே செய்முறை வகுப்புகளைத் திரும்பச் செய்ய வேண்டும். விண்ணப்பத்தை அந்தக் கல்லூரியே ஜனவரி முடிவதற்குள் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். இந்த ஏப்ரலை விட்டால் பிறகு முதலாம் ஆண்டிலிருந்துதான்.

முப்பத்து மூன்று வயதில் பையைத் தூக்கிக்கொண்டு கல்லூரிக்குக் கிளம்பினேன். மகளைக் கணவரிடம் விட்டுவிட்டு, நாலு மாதம் சம்பளமில்லா விடுப்பு. "பாஸ் பண்ணிருவியா?" என்று விமான நிலையத்தில் கேட்டார் மனுசன். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நீங்க பிள்ளைக்குச் சோறு ஒழுங்காப் போட்டாப் போதும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

3

பொங்கல் முடிந்து கல்லூரி திறந்த முதல் நாள் காலையிலேயே போய்விட்டேன். வேதியியல் துறைக்குப் போகும் வராந்தாவில் ஒவ்வோர் ஆண்டு வகுப்பின் குரூப் போட்டோவும் வரிசையாக மாட்டியிருக்கும். எங்கள் வகுப்புப் படத்தை நான் பார்த்ததே இல்லை. அதை எடுப்பதற்கு முன்பே எனக்குக் கல்யாணமாகிவிட்டது. தேடிப்போய் நின்றேன். ஜெயசீலி இருந்தாள், ஆண்டிபட்டிப் பிள்ளை இருந்தாள், எல்லாரும் இருந்தார்கள். படத்தின் வலது மேல்மூலையில் ஒரு சின்ன வட்டத்துக்குள் நானும் இருந்தேன்.

படம் எடுக்கிற அன்றைக்கு வராதவர்களை இப்படி வட்டம் போட்டுச் சேர்ப்பது வழக்கம்தானே. மறக்காமல் சேர்த்திருக்கிறார்களே என்று எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம்தான் கீழே இருந்த பெயர்களைப் படித்தேன். கடைசிப் பெயர், "அமரர் செல்வி பெ. ஒச்சம்மாள்".

கண்ணாடியில் என் வட்டத்துக்கு மேல் மட்டும் ஒரு சந்தனப் பொட்டு காய்ந்து ஒட்டியிருந்தது. யாரோ வைத்திருக்கிறார்கள். நான் தாலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏன் அதைப் பிடித்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

பின்னால் வகுப்பு முடிந்து யாரோ வெளியே வந்த சத்தம் கேட்டுத் திரும்பினேன். வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தது ஜெயசீலி. அவள் அங்கேயே ஆசிரியையாக இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. என் முகத்தைப் பார்த்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டே போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். கத்தவில்லை. "வாயத் தொறந்து ஏதாச்சும் பேசுடி" என்றாள்.

"நான் சாகலடி" என்றேன். என்ன பேச்சு அது. ஆனால் வேறு என்ன சொல்ல முடியும்?

அவள் வந்து என் முழங்கையைக் கிள்ளிப் பார்த்தாள். பிறகு அழுதாள். பிறகு அடித்தாள். எனக்கு விஷக்காய்ச்சல் வந்து செத்துப்போனதாகக் கல்லூரிக்குக் கடிதம் வந்ததையும், பிரார்த்தனைக் கூட்டத்தில் பிரின்சிபால் அம்மா அழுததையும் சொன்னாள். "அவுக அழுது நாங்க பாத்ததே இல்ல. உங்க வீட்டுக்கு வாரேன்னு காரை எடுக்கச் சொல்லிட்டாக. காரியமெல்லாம் முடிஞ்சிருச்சு, யாரும் வர வேணாம்னு கடுதாசில இருந்துச்சுன்னு அப்புறம்தான் நின்னாக."

என் கல்யாணத்துக்கு இந்தக் கல்லூரித் தோழிகளுக்கென்று பதினோரு பத்திரிகைகளில் நானே விலாசம் எழுதிக் கொடுத்தேன். அப்பா தபாலில் சேர்ப்பதாக வாங்கிக்கொண்டார். ஒருத்திகூட வரவில்லை, ஒரு வாழ்த்துக்கூட இல்லை. பதின்மூன்று ஆண்டு இவர்கள்மேல் நான் கறுவிக்கொண்டிருந்தேன். ஜெயசீலி பெயரை யாராவது எடுத்தால் பேச்சை மாற்றுவேன். அவளோ ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தேதிக்கு என் படத்துக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். பொட்டு வைத்தது அவள்தான்.

4

அலுவலகத்தில் சூப்பிரண்டு ஒரு வயதான மனிதர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்திருந்தார். ஜெயசீலி விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் என்னையும் கோப்பையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் நூலை அவிழ்த்துக் கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

கையெழுத்தைப் பார்த்ததுமே யாருடையது என்று தெரிந்துவிட்டது. என் அப்பா எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவர், உசிலம்பட்டியில் மானாவாரி விவசாயம். ஆனால் எழுத்து முத்து முத்தாக இருக்கும். எங்கள் தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமானாலும் அவரிடம்தான் வருவார்கள். எனக்கும் மாதம் தவறாமல் காப்வேக்கு எழுதுகிறார். அதே கை, அதே எழுத்து.

"தங்கள் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்துவந்த என் மகள் ஒச்சம்மாள் விஷக்காய்ச்சல் கண்டு சென்ற வெள்ளிக்கிழமை காலமாகிவிட்டாள். காரியங்கள் யாவும் முடிந்துவிட்டபடியால் தாங்கள் யாரும் சிரமப்பட்டு வர வேண்டாம். அவளுடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தையும் இதர சான்றுகளையும் என்னிடம் கொடுத்து உதவ வேண்டுகிறேன்."

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்றைக்குத்தான் மதுரைக்கு வந்து முகூர்த்தப் புடவை எடுத்தோம். மாம்பழக் கலரா அரக்கா என்று கடையில் ஒரே இழுபறி. அரக்குதான் பிள்ளைக்கு எடுப்பாக இருக்கும் என்று சொன்னவர் அப்பா.

எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் எதற்கு என்றும் அப்போதுதான் புரிந்தது. என் பாஸ்போர்ட்டுக்கு அது வேண்டியிருந்தது. செத்துப்போன பெண்ணின் சான்றைக் காட்டி அதே பெண்ணை வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கிறார்.

"நீங்க உயிரோட இருக்கீங்கன்னு எனக்குத் தெரியுதும்மா" என்றார் சூப்பிரண்டு. "கோப்புக்குத் தெரியணுமே. காலமானவங்க விண்ணப்பத்துல பிரின்சிபால் எப்படிக் கையெழுத்துப் போடுவாங்க?"

"பாஸ்போர்ட் இருக்கு சார். தாசில்தார்கிட்ட வேணும்னா சான்று வாங்கிட்டு வாரேன்."

"அது ஒச்சம்மாள்னு ஒருத்தர் இருக்காங்கன்னுதான் சொல்லும். அந்த ஒச்சம்மாள் நீங்கதான்னு யார் சொல்றது? செத்துட்டாங்கன்னு எழுதிக் கொடுத்தவரே வந்து, இல்லைன்னு எழுதிக் கொடுக்கணும். வேற வழி எனக்குத் தெரியல." ஜனவரி முடிய ஒன்பது நாள் இருந்தது.

அப்பா ஏன் அப்படி எழுதினார் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கு அலுவலகப் படி இறங்கும்போதே விடை கிடைத்துவிட்டதாக நினைத்தேன். அப்போதிருந்த எங்கள் பிரின்சிபால் அம்மா அப்படிப்பட்டவர். என் கல்யாணத்துக்கு முந்தின ஆண்டு, எங்கள் வகுப்பு ஆண்டிபட்டிப் பிள்ளைக்குப் பரீட்சை சமயத்தில் கல்யாணம் வைத்தார்கள். இந்த அம்மா காரில் பந்தலுக்கே போய், ஊர்க்காரர்கள் முன்னால் அந்தத் தகப்பனிடம் நியாயம் கேட்டு, பிள்ளையை மருதாணிக் கையோடு கூட்டிவந்து பரீட்சை எழுதவைத்தார். கல்யாணம் அடுத்த மாதம்தான் நடந்தது. அந்தக் கதை உசிலம்பட்டி வரை வந்திருந்தது. அந்த அம்மாவுக்குப் பயந்துதான் செய்திருக்கிறார் என்று நினைத்தேன்.

5

அன்றைக்கே உசிலம்பட்டிக்கு பஸ் ஏறினேன். அப்பா வாசலில் பருத்தி மூட்டைக்குச் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார். நான் எதையும் சுற்றி வளைக்கவில்லை. "காலேஜ்ல உங்க கடுதாசியப் பாத்தேன்ப்பா" என்றேன்.

ஊசி நின்றது. "இம்புட்டு வருசம் அதையா வச்சிருக்காக" என்றார். "கிழிச்சிருப்பாகன்னுல நெனச்சேன்."

"நீங்க வந்து நான் உயிரோட இருக்கேன்னு எழுதித் தரணும்."

"தாசில்தார் ஆபீசுல நமக்கு ஆள் இருக்கு தாயி."

"அது செல்லாதாம். செத்துட்டான்னு சொன்ன ஆளே வரணுமாம்."

"எம்புட்டுப் பேருக்கு மனு எழுதிக் குடுத்த கை இது" என்றார். "நான் பொய் எழுதுனேன்னு இந்தக் கையால எழுதச் சொல்றியா?"

அம்மா மாட்டுக் கொட்டத்திலிருந்து பால் செம்போடு வந்தாள். "யாரு செத்தா?" என்று கேட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிட்டது. நான் சொன்னேன். அவள் செம்பைக் கீழே வைத்துவிட்டு, "எந்த வெள்ளிக்கிழம? சேல எடுத்த வெள்ளியா?" என்றாள்.

அம்மா அப்பாவிடம் போய் நின்றாள். சத்தமே இல்லாமல் பேசினாள். "இவ தலைப்பிள்ள ஏன் தங்கலன்னு எத்தன கோயிலுக்குப் போயிக் கேட்டேன். நீங்களும்தானே கூட வந்தீக. ஒரு தடவையாச்சும் வாயத் தொறந்தீகளா?"

வாணிக்கு முன்னால் எனக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஏழாம் மாதமே வந்துவிட்டது, நாலு நாள்தான் இருந்தது. ஏன் அப்படி ஆனது என்று இங்கே டாக்டர் எனக்கு விளக்கமாகச் சொல்லியிருக்கிறார். நான் வேதியியல் படித்தவள். ஒரு காகிதத்தில் எழுதியதால் யாரும் சாக மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். "அப்படியெல்லாம் இல்லம்மா" என்று நான் அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. படட்டும் என்று விட்டேன். அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

அப்பா சாக்கைக் கையில் வைத்தபடியே இருந்தார். அவர் எனக்கு எழுதிய எல்லாக் கடிதத்திலும் கடைசி வரி ஒன்றுதான். "நூறு ஆயுசுக்கு நல்லா இரு தாயி." மனுசன் பழக்கத்தில் எழுதுகிறார் என்று நான் அந்த வரியைப் படிக்காமலேயே மடித்துவைப்பேன். அதை எதற்காக விடாமல் எழுதினார் என்று அன்றைக்கு விளங்கியது. அம்மா கேட்ட கேள்வியை அவர் தன்னிடமே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார்.

இருந்தும் என் கோபம் இறங்கவில்லை. சாப்பிடாமல் கிளம்பி, மதுரை கோச்சடையில் ஜெயசீலி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

6

கையெழுத்து வருமோ வராதோ என்ற நிலையிலேயே செய்முறை வகுப்புக்குப் போனேன். துறைத்தலைவர் பெரிய மனசு பண்ணி அனுமதித்தார். சின்னப் பிள்ளைகள் எல்லாம் "அக்கா, அக்கா" என்று வந்து உட்கார்ந்துகொண்டார்கள். வராந்தாப் படத்தில் இருப்பது நான்தான் என்று தெரிந்ததும் ஒருத்தி என்னைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். எட்டு ஆண்டு வகுப்பெடுத்தவளுக்கு பியூரெட்டில் அளவு தவறியது. நாளை எண்ணிக்கொண்டே இருந்தால் கை எப்படி நிற்கும்?

உசிலம்பட்டியிலிருந்து ஒரு செய்தியும் இல்லை. என் கணவருக்கு நடந்ததை எழுதிப்போட்டிருந்தேன். "காலேஜ்ல சொல்லியாச்சு, அப்புறமா எழுதிக்குவான்னுதான் மாமா என்கிட்ட சொன்னாக. சத்தியமா எனக்குத் தெரியாது" என்று அவர் எழுதிய பதில் எல்லாம் முடிந்த பிறகுதான் என் கைக்கு வந்தது.

கடைசி நாளுக்கு முந்தின நாள், மதிய மணி அடிக்கிற நேரம், வாசல் காவலாளி வந்து என்னைத் தேடினார். "உங்க அப்பான்னு ஒருத்தர் வந்திருக்காக." போய்ப் பார்த்தேன். வெளுத்த வேட்டி, கையில் குடை. வருகிறவர்கள் எழுதும் நோட்டில், யாரைப் பார்க்க என்ற இடத்தில் முத்து முத்தாக "மகள் ஒச்சம்மாள், பி.எஸ்ஸி. மூன்றாம் ஆண்டு" என்று எழுதியிருந்தார்.

சூப்பிரண்டு மேசைக்குக் கூட்டிப்போனேன். அவர் வெள்ளைத்தாளைக் கொடுத்து, "ஏன் அப்படி எழுதினீங்கன்னு காரணமும் போடணும் அய்யா. இல்லைன்னா மேல இருந்து கேள்வி வரும்" என்றார்.

அப்பா பேனாவைத் திறந்தார். என்னைப் பார்த்தார். "நீ செத்த வெளிய இரு தாயி" என்றார்.

வெளியே நின்றேன். ஒரு பக்கக் கடிதத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் ரொம்ப அதிகம். முடித்து வந்ததும், "போட்டுட்டேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேன்" என்றார். நான் சாப்பிட்டுப் போகச் சொல்லவில்லை. குடையை ஊன்றிக்கொண்டு அவர் கேட்டைத் தாண்டும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்துவிட முடியுமா என்று சூப்பிரண்டிடம் கேட்டேன். "எடுக்கக் கூடாதும்மா. அதுக்கு மேல இதை வச்சுக் கட்டியாச்சு. ரெண்டுக்கும் ஒரு நகல் உங்ககிட்டயும் இருக்கட்டும், எவனாவது பழசை மட்டும் பாத்துட்டுக் கேப்பான்" என்றார். விண்ணப்பம் போகிற அவசரத்தில் அன்றைக்கு நான் அதை வாங்கவே இல்லை. அந்த நகலைத்தான் ஜெயசீலி இப்போது அனுப்பியிருக்கிறாள்.

ஏப்ரலில் எழுதினேன். எல்லாத் தாளிலும் தேறினேன், கனிம வேதியியலில் மட்டும் மயிரிழையில். படத்தில் "அமரர்" என்ற சொல்லின்மேல் ஜெயசீலி வெள்ளைத்தாள் ஒட்டிவிட்டாளாம். "செல்வி"யை அப்படியே விட்டுவிட்டாளாம், அவளுக்குக் குறும்பு போகவில்லை.

7

அப்பாவின் இரண்டாவது கடிதம் இதுதான்.

"மேற்படி ஒச்சம்மாள் என் மகள். உயிருடன் இருக்கிறாள். காலமானதாக அன்று நான் எழுதியது பொய். காரணம், நான் அவளுக்குக் கலியாணம் வைத்திருந்தேன். பிரின்சிபால் அம்மாவுக்கு நான் பயப்படவில்லை. அவர்கள் வந்து கூப்பிட்டால் என் மகள் பரீட்சைக்குத்தான் போவாள், பந்தலில் நிற்க மாட்டாள். என் மகளை எனக்குத் தெரியும்."

போன வாரம் இதைப் படித்துவிட்டு நான் அடுப்பை அணைக்க மறந்து உட்கார்ந்திருந்தேன். வட்டத்துக்குள் என்னைப் பார்த்தபோது வந்ததைவிட இது பெரிய அதிர்ச்சி. சொன்னதற்குத் தலையாட்டிய பிள்ளை என்றுதான் பதின்மூன்று ஆண்டும் என்னைப் பற்றி நான் நினைத்திருந்தேன். படிப்பை விட்டுவா என்றார்கள், வந்தேன். கழுத்தை நீட்டு என்றார்கள், நீட்டினேன். அழக்கூட இல்லை. என் படிப்பை ஒரு பொருட்டாகவே அப்பா நினைத்ததில்லை என்றுதான் மனத்தாங்கலோடு இருந்தேன். அவரோ அதைவிட எனக்குப் பெரியது எதுவும் இல்லை என்று தெரிந்துவைத்திருந்து, அதனாலேயே என்னைக் கொன்றிருக்கிறார். அவரை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியவில்லை.

நேற்று மதியம் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. வாணி விடுவதாக இல்லை. இந்தத் தடவை நான் எல்லாவற்றையும் சொன்னேன், புடவைக் கடையிலிருந்து ஆரம்பித்து. பாதித் தமிழ், பாதி இங்கிலீஷ். சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அந்த மேடம் கார்ல வந்திருந்தா, நீ நிஜமாவே போயிருப்பியா? அப்பாவை விட்டுட்டு?"

என் கணவரின் கை சோற்றிலேயே நின்றது. நான் கொஞ்சம் யோசித்தேன். யோசிக்க ஒன்றும் இல்லை என்பதும் தெரிந்தது.

"போயிருப்பேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ரசம் கேட்டார். ஊற்றினேன்.